நின்ற இடத்தில் நடுங்கும் வண்டி

பிழைப்பைத் தேடி ஊரைவிட்டு வந்த நம்மவர், கையில் நாலு காசு சேர்ந்ததும் ஊரிலிருக்கும் உடன்பிறந்தார்க்குச் செய்யும் உதவி பெரும்பாலும் ஒரு வண்டியாகவே அமைகிறது. ஒருவர் தம்பிக்கு ஆட்டோ வாங்கித் தருகிறார். மற்றொருவர் அண்ணனின் டிராக்டருக்கு முன்பணம் கட்டுகிறார். நாம் சேமநிதியில் கடன் எடுத்து, தமக்கையாரின் கணவர் ஒரு பழைய அம்பாஸடர் கார் வாங்க உதவினோம். வாங்கிக் கொடுத்ததோடு கடமை தீர்ந்ததென்று நிம்மதியாக இருந்துவிடுகிறோமே தவிர, அந்த வண்டிக்கு ஒரு நோய் வந்தால் என்ன செய்வது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. 2017-ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் அவ்விதம் நாம் பட்ட ஒரு பாட்டையும், அப்போது கற்றுக்கொண்ட ஒரு சிறு வித்தையையும் அன்பர்கள் முன் வைக்கிறோம்.

நமது சொந்த ஊர் பிச்சாட்டூர். சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதி செல்லும் சாலையில், ஆரணியாற்று நீர்த்தேக்கத்தை ஒட்டி இருப்பது. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த அவ்வூர் 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்துள்ளது. மாவட்டம் மாறினும், ஒரே திண்ணையில் தமிழும் தெலுங்கும் பேசப்படும் வழக்கம் மாறவில்லை. அங்கே வாடகைக் கார் வைத்திருப்பவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. ஒரு திசையில் நாகலாபுரமும், சிவபெருமான் பள்ளிகொண்ட சுருட்டப்பள்ளியும். மறு திசையில் நாராயணவனமும் புத்தூரும், அவற்றுக்கப்பால் திருப்பதியும். புதிய கார்கள் எத்தனை வந்தாலும், கலியாண ஊர்வலத்துக்கு வெள்ளை அம்பாஸடரே வேண்டுமென்று கேட்பவர்கள் அந்தப் பக்கத்தில் இன்றும் உண்டு. அத்தானின் வண்டி 1989-ஆம் ஆண்டினது, பெட்ரோல் எஞ்சின், வயதுக்கு ஏற்ற கிழடு தட்டியிருந்தாலும் உழைப்பில் குறை வைத்ததில்லை.

அந்த ஆவணியில் வண்டிக்கு ஒரு விசித்திரமான நடுக்கம் கண்டது. சாலையில் ஓடும்போது ஒன்றுமில்லை. நிறுத்திவைத்து, எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும் நிலையில், அதாவது தொழிலாளர் ‘ஐட்லிங்’ என்று சொல்லும் நிலையில், வண்டி முழுவதும் குளிர்காய்ச்சல் வந்தவன் போல உதறும். சில சமயம் எஞ்சின் அணைந்தே போகும். கோயில் வாசலில் மணமக்கள் ஏறுவதற்காக நிற்க வேண்டிய கார் நின்ற இடத்தில் உதறினால் யார் அமர்த்துவார்கள்?

பக்கத்து நகரத்துப் பட்டறை ஒன்றில் காட்டினார். பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தவர்கள், பின்னிரண்டு கரிபிடித்திருப்பதைக் காட்டி, ‘ரிங் தேய்ந்துவிட்டது, எஞ்சின் ஆயிலை எரிக்கிறது, முழு எஞ்சினையும் இறக்கி போர் அடிக்க வேண்டும், ரூ. 45,000 ஆகும்’ என்றார்களாம். அவ்வாண்டுதான் தமக்கையாரின் மகள் நர்ஸிங் படிப்பில் சேர்ந்திருந்தாள். கட்டணத்தின் இரண்டாம் தவணை நின்றிருந்தது. தமக்கையார் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுக்க முன்வந்தார். தொலைபேசியில் நம்மைக் கேட்டபோது நாமும், ‘எஞ்சின் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது, செய்துவிடுங்கள்’ என்று பெரிய மனிதரைப் போல் சொல்லிவிட்டோம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்த நமக்கு, எஞ்சினைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல என்ன தகுதி இருந்ததென்று இப்போது எண்ணினால் வெட்கமாக இருக்கிறது. நல்ல வேளையாக, நகை அடகுக்குப் போகுமுன் நாம் நான்கு நாள் விடுப்பில் ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம்.

ஊரில் ஒரு முதிய மேஸ்திரி இருந்தார். கண் மங்கியதால் தொழிலை விட்டு, வீட்டெதிரே புங்கமரத்தடியில் கட்டில் போட்டுப் படுத்திருப்பவர். இளமையில் சென்னையில் வேலை பார்த்தபோது சோழவரம் பந்தயங்களுக்குக் கார் தயார் செய்த கூட்டத்தில் எடுபிடியாக இருந்தவர். சோழவரம் நமது ஊருக்கு அயலன்று. ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் வழியாகச் சென்னைக்குப் போகும் சாலை கல்கத்தா நெடுஞ்சாலையில் சேரும் இடத்துக்குச் சற்றுத் தெற்கே உள்ளது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அங்கே வெறுமனே கிடந்தது. 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயங்களை நடத்தியது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதை அமைந்த பிறகே சோழவரம் ஓய்ந்தது. வெளிநாட்டுப் பந்தயக் கார்களை இறக்குமதி செய்வது அரிதாக இருந்த காலம் அது. ஆகவே வீட்டில் நிற்கும் பியட்டையும், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டையும், அம்பாஸடரையும் பிரித்து, வால்வை அகலமாக்கி, கார்புரேட்டரை இரட்டிப்பாக்கி, காம் ஷாப்டை மாற்றிப் பந்தயத்துக்கு விட்டார்கள். அம்பாஸடரைக் கிழவர் வண்டி என்று இளைஞர் ஏளனம் செய்வதுண்டு. அதன் 1489 கன சென்டிமீட்டர் எஞ்சினின் சொந்தச் சகோதரன்தான் 1955-இல் இங்கிலாந்தில் வெளிவந்த எம்.ஜி.ஏ. என்னும் விரைவுக் காருக்கும் உயிராக இருந்தது என்பதை அவர்கள் அறியார்.

மேஸ்திரி கட்டிலிலிருந்து எழாமலே ஒரு கேள்வி கேட்டார்: “தம்பி, நிற்கும்போது நடுங்குகிறதா, ஓடும்போது நடுங்குகிறதா?”

“நிற்கும்போது மட்டுந்தான்” என்றோம்.

“ரிங் போன எஞ்சினுக்கு நிற்கும்போது ஒரு குணம், ஓடும்போது ஒரு குணம் இருக்காதே. வண்டியைக் கொண்டுவாருங்கள். ஆனால் இரவெல்லாம் ஆறவிட்டுக் காலையில் கொண்டுவாருங்கள்.”

மறுநாள் விடியற்காலை, எஞ்சினைக் கிளப்பாமல் வண்டியை அவர் வாசல்வரை தள்ளிக்கொண்டு போனோம். அவர் கேட்டவை ஒரு தம்ளர் தண்ணீரும், நுனியில் துணி சுற்றிய ஒரு வேப்பங்குச்சியுமே. எஞ்சினைக் கிளப்பி மெதுவாக ஓடவிட்டு, நிமிஷத்துக்கொரு தரம், குச்சியைத் தண்ணீரில் நனைத்து, புகை வெளியேறும் மேனிபோல்டின் கிளைகள் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு வைத்தார். பின் கிளையில் வைத்த சொட்டு சீறிக்கொண்டு மறைந்தது. நடுக் கிளையில் சற்றுத் தாமதித்து மறைந்தது. முன் கிளையிலோ, தோசைக்கல் காயுமுன் தெளித்த நீரைப்போல, சொட்டு அப்படியே வழிந்து ஓடியது. கண் மங்கியவராயினும் அந்தச் சீறல் ஓசையைக் கேட்டே அவர் தலையை ஆட்டினார்.

நாமும் ஒரு கருவி கொண்டுபோயிருந்தோம். ரயில் நிலையத்தில் வண்டி நுழையும்போது, சக்கரங்களின் அச்சுப்பெட்டி எதுவும் சூடேறியுள்ளதா என்று ஊழியர்கள் தொடாமலே வெப்பம் காட்டும் ஒரு கைத்துப்பாக்கி போன்ற கருவியால் பார்ப்பதை அன்பர்கள் கண்டிருக்கலாம். அதுபோன்ற ஒன்றைக் கடையில் வாங்கியிருந்தோம். ஐந்து நிமிஷம் கழித்துப் பார்த்தபோது முன் கிளை 120 பாகை, நடுக் கிளை 190, பின் கிளை 230 என்று காட்டியது. மேஸ்திரியின் வேப்பங்குச்சி சொன்னதையே நமது கருவியும் எண்ணிக்கையில் சொல்லிற்று, அவ்வளவே.

அச்சுப்பெட்டி விஷயத்தில் ஒரு நுட்பம் உண்டு. ஒரு பெட்டி இத்தனை பாகை என்பதைவிட, அதே வண்டியின் மற்றப் பெட்டிகளைவிட அது எவ்வளவு மாறுபடுகிறது என்பதே முக்கியம். எஞ்சினுக்கும் அதுவே பொருந்தும். கப்பல்களின் பெரிய டீசல் எஞ்சின்களில் ஒவ்வொரு சிலிண்டரின் புகைவழியிலும் ஒரு வெப்பமானி பொருத்தி, அளவுகளைக் குறிப்பேட்டில் எழுதிவருவது வழக்கம். ஒன்று தன் கூட்டத்தை விட்டு விலகினால் பொறியாளர் எழுந்துவிடுவார். நமது பாட்டனார் நீராவி எஞ்சினில் ஃபயர்மேனாக இருந்தவர். இரட்டைச் சிலிண்டர் எஞ்சின், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் நான்கு முறை ‘குப் குப்’ என்று ஊதும்; அந்த நான்கில் ஒன்று மெலிந்தாலும் வால்வு அமைப்பு கோணிவிட்டதென்று வண்டியை நிறுத்தாமலே தெரிந்துகொள்வார்களாம். அவர்களுக்குச் செவி, மேஸ்திரிக்கு நீர்த்துளி.

இனி, இந்த வெப்ப வேற்றுமை எதைச் சொல்கிறது என்பதைப் பார்ப்போம். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிஷத்துக்கு 700 சுற்று ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரும் 350 முறை எரிய வேண்டும். ஒன்று சில முறை எரியாமல் விட்டாலும், எரியாத குளிர்ந்த கலவை அதன் புகைவழியில் போய் அந்தக் கிளையின் சூட்டைக் குறைத்துவிடும். ஆதலால் மிகக் குளிர்ந்த கிளை என்பது சரியாக எரியாத சிலிண்டர். மிகச் சூடான கிளையின் கதை வேறு. பெட்ரோல் சிறிது குறைந்து காற்று மிகுந்த கலவை மெதுவாக எரியும். வால்வு திறக்கும்போதும் அது எரிந்துகொண்டே வெளியேறுவதால் புகைவழி அதிகமாகச் சுடும். அதே கலவையில் பெட்ரோல் இன்னும் குறைந்தால் எரியவே எரியாது, கிளை குளிர்ந்துவிடும். ஒரே குற்றம் சிறிதானால் சூடாகவும் பெரிதானால் குளிராகவும் தோன்றுகிறது என்பதைப் புரிந்துகொள்ளாதவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். வெப்பம் எந்தச் சிலிண்டருக்கு நோய் என்று காட்டுமேயன்றி, என்ன நோய் என்று காட்டாது. பிளக், ஒயர், வால்வு, காற்றுக் கசிவு ஆகிய எதனாலும் ஒரு கிளை குளிரலாம்.

அளவெடுப்பதிலும் ஏமாற இடமுண்டு. ரேடியேட்டரை அடுத்த முன் கிளையில் விசிறிக் காற்று படுவதால் அது சற்றுக் குளிர்ந்தே இருக்கும். கருவி துருப்பிடித்த வார்ப்பிரும்பின் மீது சரியாகக் காட்டும். பளபளக்கும் எஃகுக் குழாயின் மீது குறைத்துக் காட்டும். பந்தயக்காரர் பொருத்தும் பளபளப்பான குழாய்களில் இதனால் ஏமாந்தவர் பலர். மேலும் பந்தய எஞ்சினில் காம் ஷாப்டு மாற்றப்பட்டிருந்தால், உள்வால்வும் வெளிவால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் நீளும். வேகமாக ஓடும்போது அது நன்மை. மெதுவாக ஓடும்போது வெளியேறிய புகையே திரும்பி உள்ளே வந்து கலவையைக் கெடுக்கும். சோழவரத்தில் நின்ற கார்கள் குதிரை கனைப்பதுபோல் உறுமியதற்கு அதுவே காரணம் என்றார் மேஸ்திரி. அத்தகைய எஞ்சினில் நான்கு கிளையும் ஒரே சூட்டில் இல்லையென்று கவலைப்படுவது வீண். இரண்டு கார்புரேட்டர் பொருத்திய எஞ்சினானால், ஒரு ரப்பர்க் குழாயைக் காதில் வைத்து, இரண்டின் வாயிலும் காற்று உறிஞ்சும் இரைச்சல் சமமாக உள்ளதா என்று முதலில் கேட்பார்களாம்.

நமது வண்டியிலோ காம் ஷாப்டும் மாறவில்லை, கார்புரேட்டரும் ஒன்றே. ஆகவே நோய் இருந்தது உண்மை.

மேஸ்திரி வேலையைத் தொடங்கிய முறை நம்மைக் கவர்ந்தது. காசு செலவில்லாதவற்றை முன்னும், செலவுள்ளவற்றைப் பின்னும் வைத்தார். முதலில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையிலேயே, காய்ந்த துணியும் ரப்பர்ப் பிடியுமாக, பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாக எடுத்து எடுத்து மாட்டச் செய்தார். மூன்றாவதையும் நான்காவதையும் எடுத்தபோது எஞ்சின் தள்ளாடி விழப்போயிற்று. முதலாவதையும் இரண்டாவதையும் எடுத்தபோது அதிக மாற்றமில்லை. உழைக்காதவனை வேலைநீக்கம் செய்தால் அலுவலகத்தில் ஒன்றும் குறையாதல்லவா, அதுபோல. (மின்னணுப் பற்றவைப்பு உள்ள இக்காலக் கார்களில் இப்படி ஒயரை எடுப்பது அந்தப் பெட்டியையே கெடுத்துவிடும், யாரும் செய்து பார்க்க வேண்டாம்.) பிறகு முதல் சிலிண்டரின் பிளக்கையும் நான்காவதன் பிளக்கையும் இடம் மாற்றினார். குளிர்ச்சியும் பிளக்கோடு இடம் மாறினால் குற்றம் பிளக்கினது. மாறவில்லை. வேறொரு நல்ல ஒயரை மாட்டிப் பார்த்தார். அப்போதும் மாறவில்லை.

பிளக்குகளை வெயிலில் வரிசையாக வைத்து நம்மைப் பார்க்கச் சொன்னார். முன்னிரண்டின் முனை வெளுத்திருந்தது. பின்னிரண்டில் கரி. “விரலால் துடைத்துப் பாருங்கள்” என்றார். கரி மாவுபோல் உதிர்ந்தது. ஆயில் எரிந்த கரியானால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். உலர்ந்த கரி பெட்ரோல் மிகுதியால் வருவது. பட்டறையில் யாரோ எஞ்சின் அணையாமல் இருப்பதற்காகக் கார்புரேட்டர் திருகைத் திருப்பிப் பெட்ரோலைக் கூட்டியிருக்கிறார்கள். நலமாக இருந்த பின்னிரண்டு சிலிண்டர்களுக்கு அது அஜீரணமாகிவிட்டது. அந்த அஜீரணத்தைப் பார்த்துத்தான் ‘ரிங் போயிற்று’ என்று தீர்ப்புச் சொன்னார்கள். ரூ. 45,000-க்கு ஆதாரம் ஒரு சிட்டிகைக் கரி!

ஆயினும் மேஸ்திரி அந்தத் தீர்ப்பை வாயால் மட்டும் தள்ளவில்லை. வால்வு இடைவெளிகளைப் பார்த்தார். எட்டு வால்வுகளை முன்னிருந்து எண்ணிக்கொண்டு, எட்டாவது முழுதும் திறந்திருக்கும்போது முதலாவதையும், ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதையும் சரிபார்க்க வேண்டும். எந்த இரண்டின் கூட்டுத்தொகையும் ஒன்பது. கணக்கில் பழகிய நமக்கு இந்த ஒன்பதின் வாய்பாடு பெரிதும் இன்பம் தந்தது. இடைவெளி குறைந்து வால்வு தன் இருக்கையில் அமராமல் போனால் அழுத்தம் கசியும். அதைவிடக் கேடு, புகைவால்வு தன் சூட்டின் பெரும் பகுதியை அந்த இருக்கையின் வழியாகவே இறக்கி வைப்பதால், அமராத வால்வு நாளடைவில் கருகிப் போகும். இங்கே எல்லாம் சரியாக இருந்தன. பின்னர் நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்திக்கொண்டு எஞ்சினைச் சுழற்றி, கம்ப்ரஷன் கருவியால் அளந்தார். நான்கும் 120-ஐ ஒட்டி நின்றன. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து சோர்ந்தால் அவற்றின் நடுவே ஹெட் காஸ்கெட் எரிந்திருக்கலாம் என்ற ஐயமும் இதனால் நீங்கிற்று. ரிங் தேய்ந்திருந்தால் அளவு குறைந்திருக்கும். அப்போது ஒரு கரண்டி ஆயிலைச் சிலிண்டரில் விட்டு மறுபடி அளந்தால், அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு என்று பிரித்தறியலாம். நமக்கு அந்தக் கரண்டிக்கே வேலை வரவில்லை. அத்தான் அன்றுதான் மூச்சு விட்டார்.

“அப்படியானால் குற்றம் எங்கே?” என்று கேட்டோம்.

“தம்பி, முதலாவதும் இரண்டாவதும் ஒரே வீட்டில் குடியிருப்பவர்கள். இருவருக்கும் ஒரே சமயத்தில் வயிற்றுவலி என்றால், நான் ஆளைக் குற்றம் சொல்வேனா, அந்த வீட்டுச் சமையலைச் சொல்வேனா?”

அம்பாஸடர் எஞ்சினின் ஹெட்டில் ஒரே பக்கத்தில் ஐந்து வாய்கள் உள்ளன. உள்வழி இரண்டு, புகைவழி மூன்று. முதல் இரண்டு சிலிண்டர்களுக்கு ஒரே உள்வழி. பின் இரண்டுக்கும் ஒரே உள்வழி. நடுவிலுள்ள இரண்டு சிலிண்டர்களும் நடுப் புகைவாயைப் பகிர்ந்துகொள்கின்றன. முன் உள்வழி சேருமிடத்தில் காற்று கசிந்து உள்ளே புகுந்தால் முதலிரண்டும் சேர்ந்தே கெடும். ஐட்லிங்கில் கார்புரேட்டரின் காற்றுக் கதவு ஏறக்குறைய மூடியிருப்பதால் உள்ளே உறிஞ்சுவிசை மிகவும் கடுமை; கார்புரேட்டர் வழியாக வரும் காற்றோ சொற்பம். அந்தச் சொற்பத்தோடு கசிவுக் காற்றும் கலந்தால் பெட்ரோல் நீர்த்துப்போகிறது. சாலையில் கதவு திறந்து காற்று பெருகும்போது கசிவு ஒரு பொருட்டாகாது. நிற்கும்போது நடுங்கி, ஓடும்போது குணமாகும் இரகசியம் இதுதான்.

எண்ணெய்க் குப்பியால், முன் உள்வழி ஹெட்டோடு சேரும் விளிம்பில் கொஞ்சம் எஞ்சின் ஆயிலை விட்டார். நாமே காதால் கேட்டோம்: எஞ்சினின் உதறல் நாலைந்து நொடி அடங்கி, ஆயிலை உறிஞ்சிக்கொண்டதும் மறுபடி தொடங்கிற்று. சிலர் இதற்குப் பெட்ரோல் தெளிப்பார்கள். சுடும் புகைவழிக்கு ஒரு சாண் அருகே பெட்ரோல் தெளிப்பது சிதைக்குக் கொள்ளி வைப்பது போலத்தான்.

மேனிபோல்டைக் கழற்றியபோது மூல காரணம் வெளிப்பட்டது. தை மாதத்தில் பழைய புகை மேனிபோல்டு வெடித்துப் போனதால், பழைய உதிரிபாகக் கடையில் வேறொன்று வாங்கி மாட்டியிருந்தார்கள். இந்த எஞ்சினில் உள்வழியின் விளிம்பையும் புகைவழியின் விளிம்பையும் ஒரே கனத்த வாஷர், ஒரே நட்டால் சேர்த்து அழுத்துகிறது. இரண்டு விளிம்புகளும் ஒரே கனமாக இருந்தால்தான் அழுத்தம் சமமாக விழும். புதிதாக மாட்டியதன் விளிம்பு, ஒரு கலியாணப் பத்திரிகை அட்டையின் அளவுக்குக் கனம் கூடியிருந்தது. நட்டை எவ்வளவு முறுக்கினாலும் வாஷர் புகைவழியின் மேல் உட்கார்ந்துகொண்டு, உள்வழியைத் தொட்டும் தொடாமலும் நின்றது. சில மாதச் சூட்டில் காஸ்கெட் அந்த இடத்தில் கருகிக் காற்றுக்கு வழி விட்டுவிட்டது.

பிற்பகல் முழுவதும் மேஸ்திரியின் பேரன் அந்த வாஷர்களில் ஒரு பாதியை அரத்தால் தேய்த்துப் படி இறக்கினான். புதிய காஸ்கெட் போட்டு, ஹெட் விளிம்பைச் சுத்தம் செய்து, நடுவிலிருந்து இரு பக்கமுமாகச் சிறிது சிறிதாக முறுக்கி, கார்புரேட்டர் திருகைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்கள். எஞ்சின் கிளம்பியதும், நாம் கண்ணால் காணுமுன்பே அத்தான் முகத்தில் கண்டுகொண்டோம். பானட்டின் மீது வைத்த தம்ளரில் நீர் அலையாமல் நின்றது. கருவி முன்கிளையில் 205, நடுவில் 225, பின்னே 210 என்று காட்டியது. நடுக் கிளை மட்டும் ஏன் கூடுதல் என்று கேட்டோம். இரண்டு சிலிண்டர்களின் புகை ஒரே வாயால் போகும் இடம் அது. கூடுதலாக இல்லாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும் என்றார். காஸ்கெட்டும் பிறவும் சேர்த்து ரூ. 600-க்குள் அடங்கிற்று. மேஸ்திரி கூலி வாங்க மறுத்தார். தமக்கையார் பேரனின் கையில் பணத்தை வைத்தார்.

டீசல் வண்டி வைத்திருப்போரும் நம்மில் உண்டு. டீசலில் காற்றுக் கதவுக்குப் பதில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஊசி போன்ற இஞ்செக்டர் எரிபொருளை அளந்து விடுகிறது. ஆகவே ஒரு கிளை குளிர்ந்தால் அதன் இஞ்செக்டரையும் கம்ப்ரஷனையும், அதிகம் சுட்டால் ஒழுகும் இஞ்செக்டரையும் ஐயுற வேண்டும். பழைய டீசல்களில் இஞ்செக்டர் குழாயின் நட்டைச் சிறிது தளர்த்தி, எந்தச் சிலிண்டர் உழைக்கவில்லை என்று கண்டுபிடிப்பார்கள். காமன் ரெயில் எனப்படும் புதிய டீசல்களில் அதை ஒருநாளும் செய்யலாகாது. அவற்றின் குழாயில் உள்ள அழுத்தம் ஆயிரம் பாரையும் தாண்டுவது. மயிரிழைத் துவாரத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துக் கையையே இழக்கச் செய்யும். புதிய பெட்ரோல் கார்களில் கணினியே ‘பி 0301’ என்று குறியீடு காட்டி, முதல் சிலிண்டர் எரியவில்லை என்று சொல்லிவிடுகிறது. அந்தக் குறியீட்டைக் கண்டதும் ‘காயிலை மாற்று’ என்று புதுச் சாமான் விற்கத் துணிவோரும் உண்டு. கணினியும் வேப்பங்குச்சியைப் போல எந்தச் சிலிண்டர் என்றுதான் சொல்லிற்று. காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு இடம் மாற்றிப் பார்த்து, குறியீடும் கூடவே மாறினால் மட்டும் காசைக் கொடுக்கலாம்.

மூன்றாம் நாள் நாராயணவனத்தில் முகூர்த்தம். முன்பணம் வாங்கியிருந்த கலியாணம் அது. காலை ஐந்து மணிக்கு மண்டப வாசலில் வண்டிக்குப் பூச்சரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். சூடேறி ஆறிய பிறகு புதுக் காஸ்கெட் சிறிது அமர்ந்துவிடும், ஆகையால் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நட்டுகளை ஒருமுறை மறுபடி முறுக்க வேண்டும் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். அத்தான் சரிகை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பூச்சரத்தை ஒரு பக்கமாக ஒதுக்கிப் பானட்டைத் திறந்தார். பெண்ணின் தகப்பனார் பதறிப்போய் ஓடிவந்து, “ஏமய்யா, வண்டி நின்றுவிட்டதா?” என்று கேட்டார். “ஒன்றுமில்லை ஐயா, நாலு நட்டு” என்று சொல்லிவிட்டு அத்தான் ஸ்பேனரைப் பிடித்தார். மூன்று நட்டுகள் அசையவில்லை. நான்காவது கால் திருப்பு ஏறிற்று.